கத்திரி வெயிலில் பிள்ளைகளோடு மாடித்தோட்டம்: மே மாதம் விதை போடலாமா?

ஏப்ரல் 27, 2024 (வந்த கேள்வி)

திருவெறும்பூர் பக்கம் வாடகை வீடு. மொட்டைமாடி முழுக்க எங்கள் பொறுப்பு. பிள்ளைகள் இரண்டு, ஆறு வயசும் மூன்று வயசும். லீவு விட்டாச்சு, போனைப் பிடுங்கினால் ஒரே அழுகை. மாடியில் நாலு செடி வைக்கலாம் என்றால் ஆளாளுக்கு "ஆடிப்பட்டம் தேடி விதை, இப்ப போட்டா கருகிடும்" என்கிறார்கள். ஆடி மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்களே. இப்போது விதைப்பது வீண் வேலையா?

ஏப்ரல் 28

வீண் வேலை இல்லை, போடுங்கள். ஆடிப்பட்டம் வயலில் விதைக்கிறவர்களுக்குச் சொன்னது. ஆற்றில் தண்ணீர் வரும், பின்னாலேயே மழை வரும், அதை நம்பி விதைக்கிறவர்களுக்கு. மாடியில் நாம் குடத்தில் ஊற்றப்போகிறோம். அதுவும் பிள்ளைகள் பார்ப்பதற்காக விதைக்கப்போகிறோம், சந்தைக்கு அனுப்ப இல்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். எனக்கும் இரண்டு, பெண்ணுக்கு ஆறரை, பையனுக்கு மூன்றரை. உங்கள் கேள்வியைப் படித்ததும் இந்த வருஷம் நானும் கூடவே ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது. நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

முளைக்க நாளாகிற எதையும் முதலில் போடாதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் நாற்று விட்டுப் பிடுங்கி நட்டு, அதற்குள் சின்னவனுக்கு அந்தத் தொட்டி இருப்பதே மறந்துவிடும். வெந்தயம் மூன்றாம் நாள் தலை தூக்கும். சிறுகீரையும் அப்படித்தான், 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கொத்தமல்லியும் போடலாம், தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடணும். காய் ஒன்று வேண்டும் என்றால் வெண்டை. வெயிலுக்குப் பயப்படாத செடி அது.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று வாங்கி அண்டாவில் போட்டுப் பிள்ளைகளை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். செங்கல் மாதிரி இருப்பது பொதபொதவென்று ஊதிப் பெருகுவதைப் பார்த்துக்கொண்டே அரைநாள் போய்விடும். ஆனால் அதை அப்படியே செடி வளர்க்கும் பையில் போட்டுவிட வேண்டாம், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிப் பிழியணும், அந்தப் பழுப்புச் சாயம் போகிற வரைக்கும். அப்புறம் செம்மண், மட்கிய சாணம் இல்லையென்றால் மண்புழு உரம், மூன்றும் ஏறக்குறைய சமமாக.

வாடகை வீடு என்பதால் இன்னொன்று. பையைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். கீழே தண்ணீர் கோத்து ஓதம் இறங்கினால் வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வரும், தோட்டமும் போய்விடும்.

ஏப்ரல் 30

விதைத்தாயிற்று. சிறுகீரை விதை கடுகை விடச் சின்னது, பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு ஸ்பூன் விதைக்கு ஒரு கை மணல் கலந்து கொடுத்தேன், பரவலாக விழுந்தது. வெண்டை விதையை நேற்று ராத்திரி டம்ளரில் ஊற வைத்தோம். பெரியவள் காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் ஓடிப்போய்ப் பார்த்து "அம்மா, குண்டாயிடுச்சு" என்றாள்.

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போகும், நன்றாகவே போகும். குளித்தலையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் (எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பாயி) பைக்குப் பக்கத்தில் ஒரு பிடி அரிசிக் குருணை போட்டார். எறும்பு வரிசை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சின்னவன் இப்போது தினமும் "அப்பாயி, எறும்புக்குச் சாப்பாடு" என்று கிண்ணத்தோடு நிற்கிறான்.

மே 2

அவசரமாக ஒன்று. மாடியில் ஓஸ் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஓஸை எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த ஓஸ். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி வந்தது. நல்ல வேளை, வாய் தரையைப் பார்த்து இருந்தது, கால் விரலில்தான் பட்டது. சிவந்துபோய் ராத்திரி வரை அழுதான். செடிக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது.

இனி எங்கள் வீட்டில் சாயங்காலம் ஓஸ் கிடையாது. காலையிலேயே இரண்டு வாளி பிடித்துப் படிக்கட்டு நிழலில் மூடி வைத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குச் சொம்பு. ஓஸ்தான் வேண்டும் என்கிறவர்கள் முதலில் வருகிற தண்ணீரைத் தரையில் விட்டு, கையை வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம், 28 வரைக்கும். திருச்சியில் 40 டிகிரியைத் தாண்டி நாளாகிறது. ஏப்ரல் 28 குறிப்பில் நேரம் பற்றி நான் எழுதவே இல்லை, அது பெரிய விடுபடல். பிள்ளைகளோடு மாடி என்றால் காலை ஆறிலிருந்து ஏழே கால், அவ்வளவுதான். எட்டுக்கே தரை சுடுகிறது. சாயங்காலம் ஆறுக்கு மேல் பத்து நிமிஷம் தண்ணீர் ஊற்ற மட்டும். நடுவில் மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள். முதல் வாரம் நான் பத்து மணிக்கெல்லாம் அவர்களை மேலே விட்டிருக்கிறேன், இரண்டு பேர் முதுகிலும் வேர்க்குரு. நுங்குத் தண்ணீரைத் தடவி, மெல்லிய காடாத் துணியில் சட்டை போட்டபின் அடங்கியது.

பச்சை நிழல்வலையும் கட்டிவிட்டோம், 50 சதவீதம் நிழல் தருவது. கீரை இரண்டு நாளில் நிமிர்ந்தது. வெண்டைக்கு வலை தேவையில்லை.

நுங்கு என்றதும் ஞாபகம். நுங்கு வண்டி செய்து கொடுத்திருக்கிறீர்களா? சாலையோரம் நுங்கு விற்கிற அண்ணன் சீவித் தள்ளிய வெறும் நுங்குக் காய்களில் நல்ல உருண்டையாக இரண்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரண்டையும் ஒரு குச்சியில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று குத்தி, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் செய்து முடிப்பதற்குள் தெருவில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். நாலு நாளில் காய்ந்து சுருங்கி உடைந்தது. மறுபடி நுங்கு வாங்க அதுவே காரணமாகிவிட்டது.

மே 9

எங்கே கூட்டிப்போவது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 7ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை, சின்னவனுக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளாது. முக்கொம்புக்குப் போகலாம் என்றிருந்தோம். அத்தைதான், "தண்ணியே இல்லாத ஆத்த பாக்க அவ்ளோ தூரம் எதுக்கு, இங்கயே பாக்கலாமே" என்றார். காலை ஐந்தே முக்காலுக்குக் காவிரிக்கு நடந்தே போனோம்.

பெரியவளுக்கு இது அதிர்ச்சி. முன்பு தண்ணீர் ஓடியது அவள் மனசில் இருக்கிறது. படியில் நின்றுகொண்டு, "ஆறு எங்கேம்மா?" என்றாள். எதிர்க்கரை வரை மணல், நாணல், ஓரமாக ஒரு ஓடை. "இதுதான் ஆறு" என்றால் ஒத்துக்கொள்ளவில்லை.

அத்தை உட்கார்ந்து கையால் மணலைப் பறிக்க ஆரம்பித்தார். மேலே காய்ந்த வெள்ளை மணல், ஒரு சாண் போனதும் நிறம் மாறி ஈரம், முழங்கை ஆழத்தில் ஓரமெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடியில் ஒரு இடத்தில் மணல் துளித்துளியாகக் குதித்தது, கஞ்சி கொதிக்கிற மாதிரி. முதலில் கலங்கல், ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பிள்ளைகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அத்தை சின்ன வயசில் கோடை முழுக்கக் குடிக்க இப்படித்தான் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடத்தை நிரப்புவார்களாம். "ஆறு கீழ ஓடுதுடா, அது தூங்குது" என்றார் சின்னவனிடம். அவன் காதை மணலில் வைத்துக் கேட்டான்.

பெரியவள் சுற்றிச் சின்னக் கரை கட்டி, அது தன் கிணறு என்று ஒரு குச்சி நட்டுவிட்டு வந்தாள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, மேலே முழங்கால் அளவு மாதிரி இருக்கும். பிள்ளையின் கையை விடாதீர்கள். ஓடையில் நாங்கள் காலை மட்டும் நனைத்தோம்.

மே 12

திருத்தம். கொத்தமல்லி வரவில்லை. இன்றோடு 12 நாள், ஒரு பை முழுக்க நாலே முளை, அதுவும் நூல் மாதிரி. இந்தச் சூட்டுக்கு அது முளைக்காது, முளைத்தாலும் இலை விடாமல் பூவுக்கு ஓடும் என்று அத்தை முதல் நாளே சொன்னார். நான் கேட்காமல் உங்களுக்கும் எழுதிவிட்டேன். வாங்கி வைத்த தனியாவைப் பனிக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையில் இன்னொரு தடவை வெந்தயம் போட்டுவிட்டோம்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒரு தோழி எழுதியிருந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி சாயங்காலம் தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை கருகும். எல்லாச் செடிக்கும் வாரம் ஒரு தரம் தெளித்துவிடலாம்.

மே 14

"எல்லாச் செடிக்கும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று நான் தெளிப்பானோடு கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போனபோது பெரியவள் குறுக்கே நின்றாள். இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ. "அது எச்சம் இல்லைம்மா, நடக்குது."

குனிந்து பார்த்தேன். பழுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் அசல் பறவை எச்சம். பக்கத்து இலையில் அதன் அண்ணன், விரல்கணு நீளம், பச்சைப் பசேலென்று. பெரியவள் ஈர்க்குச்சியால் அதைத் தொட்டாள். தலைக்குப் பின்னால் இருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டை மாதிரி இரண்டு கொம்பு வெளியே நீண்டது, கூடவே குப்பென்று ஒரு புளித்த நாற்றம். மறு நொடி கொம்பு உள்ளே போய்விட்டது. சின்னவன் எகிறிக் குதித்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தான், அடுத்த நிமிஷம் "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்றான். போதும் என்று நிறுத்தினேன், அது பயத்தில் செய்கிறது.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளைத் தின்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. ஐந்து புழு இருந்தால் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை மொட்டையாகிவிடும், அது உண்மைதான். அந்தத் தொட்டியை விட்டுக்கொடுத்துவிட்டேன். ரசத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

மே 18

குற்றாலம் போக அடுத்த வாரத்துக்கு ரயிலில் இடம் போட்டிருந்தோம், ரத்து செய்துவிட்டேன். நேற்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயசுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போய் இறந்துவிட்டான். மனசு என்னவோ போல் இருக்கிறது. அருவியில் நிற்கிறவர்களுக்கு மேலே மலையில் பெய்வது தெரியாது, தண்ணீர் வந்தபின் ஓட நேரமும் இருக்காது. கோடை மழை பிடித்திருக்கும்போது சின்னப் பிள்ளைகளோடு அருவிப் பக்கம் வேண்டாம். இது என் முடிவு, பயந்து எடுத்ததுதான். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படணும்.

மழையில் தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் கொசு உற்பத்தியாகிவிடும்.

மே 24

சிறுகீரை பறித்தோம், சரியாக 25ஆம் நாள். பிள்ளைகளே வேரோடு பிடுங்கினார்கள். ஆய்ந்தபின் இரண்டு கைப்பிடி, வதக்கியபின் ஒரு கரண்டி. சின்னவன் இதுவரை கீரையை வாயில் வைத்ததில்லை. இன்றைக்கும் சாப்பிடவில்லை. ஆனால் பருப்பில் கடைந்ததைத் தட்டிலிருந்து தள்ளிவிடாமல், "இது என் கீரை" என்று அப்பாயிக்கு ஊட்டினான். தோட்டம் வைத்தால் பிள்ளைகள் காய்கறி சாப்பிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, எங்கள் வீட்டில் ஒன்று சாப்பிட்டது, ஒன்று ஊட்டியது.

புழு கூடு கட்டிவிட்டது, 20ஆம் தேதி. தண்டோடு ஒரு பட்டு நூலால் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு சாய்ந்து தொங்குகிறது. மழையில் விழுந்துவிடுமோ என்று பெரியவள் மேலே குடை கட்டச் சொன்னாள், கட்டினோம்.

மே 30

வந்துவிட்டது!! காலை ஏழு மணி இருக்கும். கூடு இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டே வந்தது, செத்துவிட்டது என்றே நினைத்தேன், சொல்லவில்லை. சின்னவன்தான் முதலில் பார்த்தான். கூட்டுக்குப் பக்கத்தில் நனைந்த துணி மாதிரி சுருங்கிய இறக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்முன்னாலேயே இறக்கை விரிந்தது, கறுப்பில் இளமஞ்சள் திட்டுத்திட்டாக, கீழ் இறக்கை ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு மணி நேரம் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை, பால் பொங்கி வழிந்தது கீழே. அப்புறம் இரண்டு தரம் இறக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நிழல்வலைக்கு அடியில் புகுந்து, பக்கத்து வீட்டு முருங்கைப் பக்கம் போய்விட்டது.

சின்னவன் ரொம்ப நேரம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 2

ஸ்ரீரங்கம் மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், 2015இல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நிழல் நிறைய, ஓட இடம் நிறைய. பெரியவள் எலுமிச்சைச் செடியைக் கண்டதும் இலைக்கு அடியில் எச்சம் தேட ஆரம்பித்துவிட்டாள், நாலு பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்தாள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறியபின் பூச்சிகள் இலைக்கடியில் ஒதுங்கிவிடுகின்றன, பிள்ளைகளும் சோர்ந்துவிடுகிறார்கள்.

ஜூன் 11

6ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிக்கூடம் வெயிலால் 10ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது உங்களுக்கே தெரியும். நேற்று காலை பெரியவள் சீருடையோடு மாடிக்கு ஓடினாள். வெண்டையில் முதல் பூ. மஞ்சள், நடுவில் அரக்குச் சிவப்பு. விதைத்து 41 நாள். பறிக்கக் கூடாது என்று தம்பியிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் வருவதற்குள் பூ சுருண்டுவிட்டது, வெண்டைப் பூ காலையில்தான் விரிந்திருக்கும். அழுதாள். நாளைக்கு இன்னொன்று பூக்கும் என்று மொட்டைக் காட்டினேன்.

ஜூன் 13

நேற்று ஜூன் 12. வழக்கமாக மேட்டூர் திறக்கிற நாள். அணையில் 50 அடிக்கும் கீழே தண்ணீர், திறக்கவில்லை. பெரியவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், அப்பாயி சொல்லி வைத்திருந்தார். "ஆறு இன்னும் எழுந்திருக்கலையா?" என்று கேட்கிறாள். அத்தைக்கு முகமே சரியில்லை. குளித்தலையில் வாழையை நினைத்துக்கொண்டிருப்பார்.

வெண்டை விட்டுவிட்டுப் பூக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிடுங்கள். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடியணும்.

ஜூலை 29

நேற்று மேட்டூர் திறந்தாயிற்று. ஒன்றரை மாதம் தள்ளி. கர்நாடகத்தில் அப்படி ஒரு மழை.

கேள்வி கேட்ட திருவெறும்பூர்த் தோழிக்கு: உங்கள் வெண்டையும் காய்த்துவிட்டது என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். பழைய செடியைப் பிடுங்கி அந்த மண்ணைக் கிளறி இரண்டு நாள் காயவிட்டு, சாணம் சேர்த்து இப்போது ஆடிப்பட்டத்துக்குத் தயார் செய்யுங்கள். உங்களுக்குச் சொன்னவர்கள் சொன்னதும் சரிதான். அவரை, புடலை, பாகல் எல்லாம் இப்போதுதான். நான் ஏப்ரலில் கொஞ்சம் வேகமாகப் பதில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 4

நேற்று பதினெட்டாம் பெருக்கு. மேட்டூர் 30ஆம் தேதியே 120 அடியைத் தொட்டுவிட்டது, வந்த தண்ணீர் அப்படியே கீழே வருகிறது. நாங்கள் போன இடத்தில் தடுப்புக் கட்டி, ஆற்றில் இறங்க விடவில்லை. போலீஸ்காரர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரியான ஏற்பாடுதான். அத்தை காப்பரிசியும் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்திருந்தார், தடுப்புக்கு இந்தப் பக்கமே விளக்கேற்றிப் படைத்தோம்.

தண்ணீர் செம்மண் நிறத்தில், சுழித்துக்கொண்டு, எதிர்க்கரைத் தென்னை வரைக்கும். மே மாதம் நாங்கள் நடந்த மணல் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. சின்னவன் அப்பாயி இடுப்பில் இருந்தபடி, ஆறு எழுந்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். பெரியவள் தடுப்புக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நடு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் கிணறு அங்கேதான் இருக்கும்மா," என்று விரலை நீட்டினாள். "குச்சி போயிருக்கும். கிணறு இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவரை விதை நாலு ஊன்றினோம். கறிவேப்பிலை மறுபடி துளிர்த்திருக்கிறது, இரண்டு இலையில் எச்சம் மாதிரி ஏதோ இருக்கிறது, நான் இன்னும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.